கிழக்கு மேட்டில் ஏழு குழிகள்

மார்ச் 3, செவ்வாய்

உழுது நான்கு நாள், மழை பெய்து ஒரு நாள். பானைச் சில்லு பொறுக்க இதைவிட நல்ல சமயம் அமையாது. மழை மண்ணைக் கழுவிவிட்டுப் பானையோடுகளை மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்க வைக்கும். காலை ஏழு மணிக்குக் கிழக்கு மேட்டில் இருந்தேன். சம்பந்தியும் வந்தார். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? மகளைக் கொடுத்த இடம்.

பல் ஆஸ்பத்திரியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகிறது அவருக்கு. அன்றிலிருந்து என் பின்னால்தான். புதுத் தொப்பி, புதுக் காலணி. நான் பட்டாளக் காலடியில் நடப்பவன். ஓர் அடி எழுபத்தைந்து சென்டிமீட்டர், கூடாது, குறையாது. இருபத்தாறு வருடமாக இந்த மேட்டை நாடாவே இல்லாமல் அளந்து வரைபடம் போட்டிருக்கிறேன். அவர் பூங்காவில் உலாத்துவதுபோல வருகிறார்.

ஒன்பதரை மணி இருக்கும். காலணியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டக் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். சுரண்டினார். தூக்கி எறியப்போனவர் நிறுத்தி, "சம்பந்தி, இதுல என்னமோ பூ மாதிரி இருக்கே?" என்றார்.

முத்திரை குத்திய பழைய கூரையோடு. கோட்டை, அரண்மனை மாதிரிக் கட்டடத்து ஓட்டில்தான் அப்படிக் குத்துவார்கள். முழு முத்திரை. ஒரு இதழ்கூட உடையவில்லை.

என் வீட்டில் நாற்பத்தொரு செருப்புப் பெட்டி நிறையச் சில்லு இருக்கிறது. ஒன்றில்கூட முத்திரை கிடையாது.

"நல்லா இருக்கு" என்றேன்.

மார்ச் 4, புதன்

அவர் அதைப் படம் பிடித்து அருங்காட்சியக அதிகாரிக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தே நிமிடத்தில் அந்த அம்மா பதில் போட்டாராம், நேரில் வந்து பார்க்கிறேன் என்று. போன வருடம் அந்த அம்மாவின் கடைவாய்ப் பல்லை அடைத்தவர் இவர்தானாம்.

நான் அந்த அருங்காட்சியகத்துக்கு ஆறு கடிதம் எழுதியிருக்கிறேன். மேட்டில் பழைய காவல் கோட்டை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று, வரைபடத்தோடு, காரணத்தோடு. ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

எல்லோருக்கும் பல் இருக்கிறது. அதுதான் அவருடைய வசதி.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி கேட்கிறாள், "நாலு நாளா யாரோட சண்டை போட்டுட்டு இருக்கீங்க மனசுக்குள்ள?"

"யாரோடயும் இல்ல."

"உதடு அசையுது. நடுநடுவுல 'கூரையோடு'ன்னு வேற கேக்குது."

ஏப்ரல் 2, வியாழன்

அதிகாரி அம்மா வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கும் வந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சில்லிலும் என் வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்று மையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஐயா, எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. உடனே சம்பந்தி சட்டைப்பையிலிருந்து பல் குடையும் கம்பியை எடுத்து, கூரையோட்டின் பூவிதழில் இருந்த மண்ணைக் கிளறி எடுத்துக் காட்டினார். "வாயத் தொறங்கன்னு சொல்ல வேண்டியதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்." அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பெட்டிகளை நான்தான் திரும்ப உள்ளே தள்ளினேன்.

மேட்டில் சோதனை அகழ்வு செய்ய அனுமதி கேட்கப்போகிறார்களாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்திரிகையில் வந்திருக்கிறது. "ஓய்வுபெற்ற பல் மருத்துவர் கண்டெடுத்த பழங்கோட்டை." படத்தில் சம்பந்தி, கையில் ஓடு, பின்னால் மேடு. கடைசி வரி: "உடன் அவரது உறவினர் ஒருவரும் இருந்தார்."

உறவினர் ஒருவர்.

மகள் போனில் சொல்கிறாள், "அப்பா, மாமா உங்க பேரச் சொன்னாராம், அந்த ரிப்போர்ட்டர்தான் விட்டுட்டான்." இருக்கலாம். என் பெயர் கொஞ்சம் நீளம், இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாது. பட்டாளத்திலும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சம்பந்தி குடும்பம் அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். என்னிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

இருபது வயதில் கடல் கடந்து வந்தேன். பட்டாளத்தில் சேர்ந்தால் குடியுரிமைத் தாள் கொடுப்பார்கள் என்றார்கள், சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டுக்காக மண் தோண்டியிருக்கிறேன். பதுங்குகுழி, பாலத்துக்கு அடித்தளம், புதைத்துவைத்த கண்ணிவெடி. இந்த நாட்டு மண்ணை அவரைவிட எனக்குத் தெரியும். இடம் கண்டுபிடித்தவர் என்று ஒரு தாளில் என் பெயர் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

மே 11, திங்கள்

அனுமதி கிடைத்துவிட்டது. சம்பந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் 15, திங்கள்

போக மாட்டேன் என்று இருந்தேன். அதிகாரி அம்மாவே போன் செய்தார். "ஐயா, மண்ணு வேலை தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும். நீங்க வந்தா நான் நிம்மதியா இருப்பேன்." போனேன். கூலி ஆள் மூன்று பேர், அந்த அம்மா, சம்பந்தி, நான். முளை அடித்துக் கயிறு கட்டியது நான். மூலைமட்டக் கருவி இல்லாமலே மூலைகள் சரியாக வந்தன. யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 29, திங்கள்

உழவு மண்ணை எடுத்ததும் கீழே மஞ்சள் களிமண். அதில் கருப்பாக ஏழு வட்டங்கள், ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில், கோடு போட்டதுபோல. பழைய குழிகளை மூடிய மண் நிறம் மாறித்தான் கிடக்கும்.

"தூண் குழி, கோட்டை மதில்!" என்று சம்பந்தி கத்தினார்.

அது நான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கோட்டை. அதை அவர் வாயால் கேட்டேன்.

ஜூலை 3, வெள்ளி

முதல் குழியைப் பாதியாக வெட்டிப் பார்த்தார்கள். நெஞ்சளவு ஆழம். அடியில் கருப்பாக ஒரு பட்டை, புல்வேர் மக்கிய மண், அதில் பானையோடுகள் ஐந்து. பழைய ஓடு அடியில் கிடந்தால் குழியும் அந்தக் காலத்தது என்பது வழக்கமான கணக்கு. சுவரில் படி மாதிரி ஒன்று இருந்தது. அது தூணைச் சாய்த்து இறக்குவதற்கு என்று சம்பந்தி ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறார். அதிகாரி அம்மா, "இருக்கலாம், நான் இன்னும் முடிவு பண்ணல" என்கிறார். சம்பந்தி முடிவு செய்துவிட்டார். பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார்.

ஜூலை 9, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

மூன்றாவது குழியை என்னிடம் விட்டிருந்தார்கள். மண்ணை முழுக்க எடுத்துவிட்டு, அடியைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கினேன். வேலை முடிந்து மேலே ஏறத் திரும்பினேன். என் வலது கால் தானாகப் போய்ப் படியில் உட்கார்ந்தது. நான் தேடவில்லை. பார்க்கக்கூட இல்லை. கால் போனது.

அப்படியே நின்றுவிட்டேன். நெஞ்சளவு ஆழம். தோள் அகலம். வலப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு படி, ஒரு காலை ஊன்றி இளைப்பாற. சுவரில் தட்டையான மண்வெட்டித் தடம்.

ஓராள் குழி, ஒருவன் நின்று சுடுவதற்கான பதுங்குகுழி. பட்டாளத்தில் சேர்ந்த நாற்பதாவது நாள் வெட்டச் சொல்வார்கள்.

நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் விடிவதற்குள் தார்ப்பாய் மூடிய லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. கேட்க எங்களுக்கு மொழி தெரியாது. ஏழு பேரும் வந்தேறிகள். அப்போது இது காடு. மரம் வெட்டி, நிலமாக்கி, விவசாயிகளுக்குக் கொடுத்தது பிற்பாடாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடை ஓடியது. ஓடைப் பக்கத்திலிருந்து மூன்றாவது நான்.

ஓடைப் பக்கத்திலிருந்து மூன்றாவது குழியில்தான் இன்று நின்றேன்.

இருபத்தாறு வருடம் இதற்கு மேலே நடந்திருக்கிறேன்! என் குழிக்கு மேலே!

ஜூலை 10, வெள்ளி

மற்றதும் ஞாபகம் வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது.

எனக்கு அடுத்த குழி, நான்காவது, 'இடதுகை' என்பவனுடையது. இடதுகைப் பழக்கம் உள்ளவன், அதனால் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம். எது செய்தாலும் முதலில் முடிப்பான். அன்றைக்கும் அவன்தான் முதலில் தோண்டி முடித்தான். நான் இரண்டாவது. எப்போதும் இரண்டாவது. அவன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் குழியை மூடச் சொன்னார்கள். மேலே இருந்த புல்லை முதலிலேயே கட்டிகட்டியாக வெட்டித் தனியே அடுக்கியிருப்போம். மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, கடைசியில் அந்தப் புல்கட்டிகளை மேலே பதிக்க வேண்டும், தோண்டிய தடமே தெரியாமல். அதுதான் முறை. மழை பிடித்துக்கொண்டது. சார்ஜண்ட் லாரியை விட்டு இறங்கவில்லை. இந்தத் தடவை இடதுகையை முந்த வேண்டும் என்று, பக்கத்தில் அடுக்கியிருந்த புல்கட்டிகளை முதலில் உள்ளே தள்ளினேன். அவற்றை மேலே ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை மிச்சம். அதன்மேல் மண்ணை வாரிப் போட்டு மிதித்துவிட்டு ஓடினேன். மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்து அப்படியே செய்தார்கள். இடதுகை மட்டும் மழையில் நின்று முறைப்படி மூடினான். கடைசியாக வந்தான். சார்ஜண்ட் என் முதுகில் தட்டினார்.

அடியில் இருக்கும் கருப்புப் பட்டை அந்தப் புல்தான். ஓடுகள் புல்வேரில் சிக்கியிருந்த மேல்மண் ஓடுகள். பீங்கான், தகரம், சிகரெட் துண்டு என்று இந்தக் காலத்துப் பொருள் ஒன்றும் கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு தீக்குச்சியைக்கூட விட்டுவிட்டு வரக் கூடாது என்பது கட்டளை.

ஆகவே தூணும் இல்லை, மதிலும் இல்லை. சம்பந்தியின் கோட்டை நான் தோண்டியது.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 11, சனி

சொல்லவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. சம்பந்தி மதிலின் உயரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நாலு ஆள் உசரம்" என்றார். "அஞ்சு இருக்கும்" என்றேன். "அப்படியா சொல்றீங்க!" என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

ஜூலை 18, சனி

அறிக்கை அடுத்த மாதம் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. போகட்டும். அச்சாகட்டும். அவர் பெயரைப் பெரிதாகப் போடட்டும். அதற்குப் பிறகு நான் ஏழாவது கடிதம் எழுதுவேன். அதற்குப் பதில் வரும்.

ஜூலை 21, செவ்வாய்

வேலை இடைவேளையில் அதிகாரி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய வேலை நிரந்தரம் இல்லையாம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டுமாம். "இந்த அறிக்கை நல்லபடியா போச்சுன்னா நிக்கும் ஐயா. ஆனா அந்தக் கருப்பு மண்ணு என்னைத் தொந்தரவு பண்ணிட்டே இருக்கு. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"இல்ல" என்றேன்.

அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தது? ஒன்றும் இல்லை. கடிதங்களுக்குப் பதில் போடாதவர்கள் அவளுக்கு முன்னால் இருந்தவர்கள். தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன்.

ஜூலை 26, ஞாயிறு

மேட்டை இன்று பொதுமக்கள் பார்க்கத் திறந்தார்கள். அறுபது பேர் இருக்கும். சம்பந்தி கையில் குச்சியுடன் விளக்கினார். நன்றாகத்தான் பேசுகிறார். ஒருவரும் நகரவில்லை.

"ஏழும் ஒரே அளவு, பாருங்க. இதைத் தோண்டினவங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்ல" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பெருமையாகவும் இருந்தது, சொன்னால் என்ன? என் குழிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருவன் கேட்டான், "யாரு சார் தோண்டியிருப்பா?"

"எங்கிருந்தாவது கூட்டிட்டு வந்த வெளியாளுங்களா இருக்கும். இந்த மாதிரி வேலைய அவங்ககிட்டதான் விடுவாங்க. பேரெல்லாம் யாரு எழுதி வெச்சிருக்கப் போறா?"

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டிவிட்டேன்.

"பேரு இருந்துச்சு! இது நான் தோண்டினது! இந்தக் கையால தோண்டினது!"

யாரோ சிரித்தார்கள். சம்பந்தி என் தோளைப் பிடித்து, "சம்பந்திக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு, யாராவது தண்ணி கொடுங்க" என்றார். இன்னும் சிரித்தார்கள். தோளை உதறினேன். மூன்றாவது குழியில் இறங்கி, படியில் காலை வைத்து, எதிரே குறி பார்ப்பதுபோல முழங்கைகளை ஊன்றிக் காட்டினேன். என் உடம்புக்கு வெட்டிய குழி. அறுபத்தெட்டு வயதிலும் பொருந்தியது.

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அதிகாரி அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

ஜூலை 27, திங்கள்

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, மழை, புல்கட்டி. அந்த அம்மா குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். சம்பந்தி கைகட்டி நின்றார்.

"மூணு குழியும் பார்த்த பிறகு யாரு வேணும்னாலும் இதைச் சொல்லலாமே" என்றார் சம்பந்தி.

அந்த அம்மா குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். "நாலாவது இன்னும் தொறக்கல. அதுக்குள்ள என்ன இருக்கும்னு இப்பவே எழுதிக் கொடுங்க ஐயா. சார் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். வியாழக்கிழமை தொறப்போம்."

தாளை வாங்கினேன். "படி வலப்பக்கம் இருக்காது, இடப்பக்கம் இருக்கும்" என்று எழுதினேன். சம்பந்தியின் புருவம் ஏறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுதாக நிரூபிக்க இன்னொரு வரி வேண்டும். அதை எழுதப் பேனா வரவில்லை. எழுதினால், அன்றைக்கு நான் ஏமாற்றி முந்தினேன், அவன்தான் சரியாகச் செய்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். நாற்பத்தெட்டு வருடம் யாருக்கும் சொல்லாதது. அவனிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. அவன் அதற்கு அடுத்த வருடம் ஒரு சாலையோரத்தில் கண்ணிவெடியில் போய்விட்டான். அன்றைக்கும் அவன்தான் முன்னால் போனான், நான் பின்னால்.

எழுதினேன். "அடியில் கருப்புப் பட்டை இருக்காது. இந்தக் குழியை வெட்டியவன் முறைப்படி மூடினான்."

ஜூலை 30, வியாழன்

படி இடப்பக்கம். அடியில் சுத்தமான மஞ்சள் மண்.

அதிகாரி அம்மா தாளை மடித்துக் குறிப்பேட்டில் வைத்தார். சம்பந்தி குழியின் விளிம்பில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். அந்தக் குழியைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. எவ்வளவு நேர்த்தி. என்னுடையதைவிட நேர்த்தி.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மகள் வந்து கத்திவிட்டுப் போனாள். "ஊரு முன்னாடி மாமாவ இப்படி நிக்க வெச்சுட்டீங்களே! தெரிஞ்ச அன்னிக்கே வீட்டுல கூப்பிட்டுச் சொன்னா கொறஞ்சா போயிருப்பீங்க?"

"என்னை உறவினர் ஒருவர்னு போட்டப்ப யாரும் கத்தல."

"அதுக்குப் பழியா இது?"

மனைவி சமையலறையிலிருந்து பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அது பதில்.

ஆகஸ்ட் 20, வியாழன்

அகழ்வை மூடிவிட்டார்கள். கூரையோடு எங்கிருந்தோ எருவோடு வண்டியில் வந்து விழுந்ததாக இருக்கலாம் என்கிறார் அதிகாரி அம்மா. கோட்டைக்கு ஆதாரம் இல்லையாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேட்டின் மேற்குப் பக்கத்தை அவர்கள் தொடவே இல்லை. சொன்னேன். "எழுதிக் கொடுங்க ஐயா" என்றார். கொடுப்பேன்.

அவருடைய வேலை இந்த வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தப்பைத் தானே கண்டுபிடித்து அறிக்கை எழுதியதற்குப் பாராட்டுக் கடிதமும் வந்ததாம். சந்தோஷம்தான். தானே கண்டுபிடித்து என்ற இடத்தில் கொஞ்சம் இடிக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

ஐந்து வாரத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக்கு வந்தார். மனைவி காப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"சொல்றதுக்கு முன்னாடி எத்தனை நாளா தெரியும்?" என்றார்.

"பதினேழு நாள்."

"அஞ்சு ஆள் உசரம்னு சொன்னப்பவே தெரியும்?"

"தெரியும்."

காப்பியைக் குடித்தார். "ஒரு நோயாளி இருந்தார். வலியே இல்லன்னு சொல்லிட்டே இருப்பார். நான் தப்பான பல்லைப் பிடுங்கிட்டேன்னு தெரிஞ்ச பிறகுதான் வலி எதுலன்னு சொன்னார். உங்களப் பார்த்தா அவர் ஞாபகம் வருது சம்பந்தி."

"பிடுங்கினது நீங்கதானே?"

அதற்கு அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இவ்வளவு சுலபமாகச் சிரிக்க ஒரு மனிதனுக்கு எப்படி முடிகிறது?

அக்டோபர் 5, திங்கள்

அருங்காட்சியகத்திலிருந்து இடப் பதிவுப் படிவம் வந்திருக்கிறது, சரிபார்த்துக் கையெழுத்துப் போட. வகை: பட்டாளப் பயிற்சிக் குழிகள். எண்ணிக்கை: ஏழு. தகவல் தந்தவர்: என் பெயர். முழுப் பெயர், தட்டச்சில், ஒரு பிழை இல்லாமல். மூன்று தடவை படித்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீளமாத்தான் இருக்கு" என்றாள்.

கீழே ஒரு கட்டம். தோண்டியவர்: "வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சி வீரர்கள்."

அதை அடித்தேன். பெயர்களை எழுத உட்கார்ந்தேன். ஐந்து எழுதினேன், என்னையும் சேர்த்து. ஆறாவது ஆள், சமையல் வேலைக்கு மாற்றப்பட்டவன், அரைமணி யோசித்ததில் வந்துவிட்டான்.

இடதுகையின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

மறந்துவிடவில்லை. தெரிந்துகொள்ளவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தோம். அறுபது பேர் முன்னால் கயிற்றைத் தாண்டிப் பேரு இருந்துச்சு என்று கத்தினவன் நான்.

அக்டோபர் 23, வெள்ளி

பட்டாளப் பதிவு அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். பதில்: "பெயர் குறிப்பிடாமல் விவரம் தேட இயலாது." பெயர் தெரிந்தால் உங்களிடம் ஏன் கேட்கிறேன், மடையர்களா!

சம்பந்தியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "பட்டாளத்துல சேரும்போது வாயத் தொறந்து பார்த்திருப்பாங்களே? பல் அட்டை போட்டிருப்பாங்க. அது தனிப் பிரிவு. தேதி சொன்னா போதும்."

நாங்கள் ஒன்றாகச் சேர்ந்த தேதியைச் சொன்னேன். "அவரு பல்லு எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?" என்றார்.

முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சிரிக்கும்போது முதலில் அதுதான் தெரியும். மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தானே, அந்தப் பல்.

"மேல் வரிசை. அவனுக்கு வலப்பக்கம்" என்றேன்.

நவம்பர் 4, புதன்

சம்பந்தி நேரில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டியிருக்கிறார். என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர். கடல் கடந்து வந்தவன், என் ஊரிலிருந்து ஒரு நாள் பயணம்தான் அவன் ஊர். அதுகூடத் தெரியாது எனக்கு.

வாய்விட்டுப் படித்தேன். சின்னப் பெயர்.

அந்தப் பெயர் என்னைவிட ஒரு நாள் முன்னால் சம்பந்திக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

நவம்பர் 8, ஞாயிறு

படிவத்தை முடித்தேன். குழி எண் வரிசையில் எழுதவில்லை. அன்றைக்குத் தோண்டி முடித்த வரிசையில் எழுதினேன். முதலில் அவன். இரண்டாவது நான். பிறகு மற்ற ஐவர்.

தகவல் தந்தவர் என்ற கட்டம் சின்னது, என் பெயரே அதை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கீழே பேனாவால் சம்பந்தியின் பெயரையும் சேர்த்தேன். சின்ன எழுத்தில்.